ஸ்கிரீனில் பெயர் வந்தால் நம்பலாமா? கூப்பிடுவது யார் என்று ஃபோனுக்கு எப்படித் தெரிகிறது?

கடந்த பௌர்ணமி மாலை அடி அண்ணாமலையில் இருந்தேன். திருவண்ணாமலை பெரிய கோவிலில் ஆரம்பித்து, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஏறக்குறைய பாதி நடந்தால் மலைக்குப் பின்பக்கம் வருகிற ஊர். அங்கே ஆதி அண்ணாமலையார் கோவிலுக்குக் கொஞ்சம் தள்ளி, ரோட்டோரமாக என் சித்தி இளநீர் விற்கிறார். பௌர்ணமி என்றால் அவருக்கு ஒரே ராத்திரியில் ஒரு வார வியாபாரம். இளநீர்க் குலைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல், அதன் மேல் க்யூஆர் கோடு அட்டை, பக்கத்தில் காசு வந்த கணக்கைக் கத்திச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ். கடை அவ்வளவுதான்.

ஐந்தரை மணி இருக்கும். சித்தியின் ஃபோன் அடித்தது. ஸ்கிரீனில் ஒரு வங்கியின் பெயர், கூடவே ‘கஸ்டமர் கேர்’. எடுத்தார்.

“சவுண்ட் பாக்ஸுக்கு மாசா மாசம் வாடகை புடிக்குது இல்லம்மா, அதை கேன்சல் பண்ணித் தர்றோம். இப்ப ஆறு இலக்கத்துல ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லுங்க.”

அந்த வாடகை மேல் சித்திக்கு ஏற்கெனவே கடுப்பு. நான் இரண்டு பேருக்கு இளநீர் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் மெசேஜைத் திறந்து வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்குள் லைன் கட். கூட்டம் ஏற ஏற டவர் திணறும். பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் ஃபோன் பேசிப் பார்த்தவர்களுக்கு இது புதுசு இல்லை. அன்றைக்கு சித்தியின் அக்கவுண்டைக் காப்பாற்றியது அந்த நெரிசல்தான்.

முக்கால் மணி நேரம் கழித்து அதே நம்பர் மறுபடி வந்தது. இந்த முறை பெயர் இல்லை. வெறும் பத்து இலக்கம். நான் வாங்கி கட் பண்ணினேன்.

சித்தி கேட்டார்: “ஏம்பா, மொதல்ல பேரு வந்துச்சே. இப்ப ஏன் வரல? அப்ப அது பேங்க் இல்லியா?”

ஃபோனைப் பற்றியே பாதி நாள் எழுதுகிற வேலை என்னுடையது. ஆனாலும் அந்த நிமிஷம் சட்டென்று பதில் வரவில்லை. ஏனென்றால் கேள்வி சரியான கேள்வி. ஒரே நம்பர், ஒரே ஃபோன், ஒரு தடவை பெயர் வருகிறது, ஒரு தடவை வரவில்லை. அப்படியானால் அந்தப் பெயரைப் போடுவது யார்?

ஒரே இடத்தில் வரும் மூன்று பெயர்கள்

ஃபோன் அடிக்கும்போது ஸ்கிரீன் நடுவில் வரும் பெயர் மூன்று இடங்களில் ஒன்றிலிருந்து வந்திருக்கலாம். மூன்றும் பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதுதான் பிரச்னை.

முதலாவது, நீங்களே சேமித்து வைத்த பெயர். ‘அப்பா’, ‘ஹெச்ஆர்’, ‘கேஸ் சிலிண்டர் அண்ணன்’. வருகிற நம்பரை உங்கள் கான்டாக்ட் பட்டியலில் தேடி, பொருந்தினால் ஃபோன் அந்தப் பெயரைக் காட்டுகிறது. நம்பர் போலியாக வந்தாலும் ‘அப்பா’ என்றுதான் காட்டும், நீங்கள் வைத்த போட்டோவோடு சேர்த்து.

இரண்டாவது, காலர் ஐடி செயலிகள் காட்டும் பெயர். அந்த நம்பரை மற்றவர்கள் என்ன பெயரில் வைத்திருக்கிறார்கள், என்ன பெயரைப் பரிந்துரைத்தார்கள் என்பதைத் திரட்டி இவை காட்டுகின்றன. ஊர் சொல்வதைச் சொல்லும் செயலி. பல நேரம் உபயோகம்தான். ‘ஸ்பேம்’ என்று சிவப்பாக வந்து எத்தனையோ முறை நம் நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது. ஆனால் ஒரு கும்பல் தன் நம்பருக்குத் தானே ‘வங்கி கஸ்டமர் கேர்’ என்று நாலு ஃபோனில் இருந்து பெயர் பரிந்துரைத்தால், அதுவும் ஊர் சொல்வதாகத்தான் பதிவாகும். வங்கியே பதிவு செய்து சரிபார்த்த கணக்கு என்றால் தனியாக டிக் குறியோ வேறு நிறமோ போடுகிறார்கள். அதை எத்தனை பேர் கவனிக்கிறோம்?

சித்தியின் ஃபோனில் நடந்தது இதுதான். திருப்பூரில் வேலை பார்க்கும் அவர் மகன் எப்போதோ ஒரு காலர் ஐடி செயலியைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். பெரும்பாலும் இப்படிப்பட்ட செயலி பெயரைத் தேட இன்டர்நெட் வேண்டும். ஐந்தரை மணிக்கு டேட்டா இருந்தது, பெயர் வந்தது. ஆறேகால் மணிக்குக் கூட்டத்தில் டேட்டா செத்துவிட்டது, பெயரும் போய்விட்டது. செயலியைத் திறந்து பார்த்தேன். யாருடையதோ ஒரு சாதாரண மொபைல் நம்பர். டிக் எதுவும் இல்லை.

மூன்றாவது பெயர்தான் இப்போது புதிதாக வந்துகொண்டிருப்பது. சிஎன்ஏபி என்கிறார்கள். சிம் வாங்கும்போது நிரப்பும் விண்ணப்பப் படிவத்தில் உள்ள பெயரை, தொலைத்தொடர்பு நிறுவனமே எடுத்து எதிர்முனையில் காட்டும் வசதி. செயலி வேண்டாம். 2024 பிப்ரவரி 23 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதைப் பரிந்துரைத்தது. அப்போது, கேட்பவர்களுக்கு மட்டும் கொடுக்கலாம் என்றது. தொலைத்தொடர்புத் துறை எல்லோருக்கும் தானாகவே இருக்கட்டும், வேண்டாம் என்பவர்கள் நிறுத்திக்கொள்ளட்டும் என்று திருப்பி அனுப்ப, 2025 அக்டோபர் 28 அன்று டிராயும் ஒப்புக்கொண்டது. 4ஜி, 5ஜி அழைப்புகளுக்குத்தான் இது. நிறுவனத்துக்கு நிறுவனம் படிப்படியாக வருகிறது. சேமிக்காத நம்பர் அழைக்கும்போது, ஆதாரில் இருப்பதுபோல் ஒருவரின் முழுப் பெயர் ஸ்கிரீனில் வருவதைச் சமீபமாக நீங்கள் பார்த்திருந்தால், அது இதுவாக இருக்கலாம்.

பெயர் சரி, அந்த நம்பர் உண்மையா?

மூன்று பெயர்களுக்கும் அடித்தளம் நம்பர். அந்த நம்பரே பொய்யாக இருக்க முடியுமா? முடியும்.

கல்யாண வீட்டில் மொய் எழுதுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மேஜையில் உட்கார்ந்திருப்பவர் ஊர் பெயரையும் ஆள் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்வார். ஆதார் கேட்க மாட்டார். வர முடியாதவர்கள் வேறொருவர் கையில் கொடுத்து அனுப்பினாலும், ‘இது இன்னார் மொய்’ என்று சொன்னால் அப்படியே எழுதுவார். எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள் என்ற நம்பிக்கையில் ஓடுகிற ஏற்பாடு அது.

தொலைபேசி நெட்வொர்க்கும் அப்படித்தான் கட்டப்பட்டது. அழைப்பு கிளம்பும்போது, ‘அழைப்பவர் எண்’ என்று ஒரு தகவல் கூடவே போகும். ஒரு நிறுவனம் அடுத்த நிறுவனத்துக்குக் கைமாற்றும்போது, முன்னவர் சொன்ன எண்ணைப் பின்னவர் நம்பி வாங்கிக்கொள்வார். விரல்விட்டு எண்ணக்கூடிய தொலைபேசி நிறுவனங்கள் மட்டும் இருந்த காலத்தில் இதில் ஆபத்து இல்லை. இன்டர்நெட் வழியாக அழைக்கும் வசதி வந்த பிறகு, ‘அழைப்பவர் எண்’ என்ற இடத்தில் விரும்பியதை எழுதி அனுப்ப யாராலும் முடிந்தது. வெளிநாட்டில் ஒரு சர்வரில் இருந்து கிளம்பும் அழைப்பு, +91-ல் தொடங்கும் நம் ஊர் நம்பரோடு வந்து இறங்கும்.

எவ்வளவு வந்தது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2024 அக்டோபர் 22 அன்று இப்படிப்பட்ட அழைப்புகளை மறிக்கும் அமைப்பை மத்திய அரசு தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் மட்டும் சுமார் 1.35 கோடி அழைப்புகள் மாட்டின. இந்திய நம்பரோடு வெளிநாட்டில் இருந்து அன்று வந்த அழைப்புகளில் அது 90 சதவீதம் என்றது அரசு.

வேலை செய்யும் விதம் எளிமையானது. வெளிநாட்டில் இருந்து ஓர் அழைப்பு +91 நம்பரோடு வந்தால், அது நியாயமானதாக இருக்க ஒரே முக்கியமான வழி, அந்த நம்பர்க்காரர் உண்மையிலேயே வெளிநாட்டில் ரோமிங்கில் இருப்பது. அவருடைய நிறுவனத்தையே கேட்டுவிடலாம். ‘ஆள் செய்யாறில் இருக்கிறார்’ என்று பதில் வந்தால், அழைப்பு எல்லையிலேயே கட்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 2019 டிசம்பரில் சட்டம் போட்டு, 2021 ஜூன் 30-க்குள் பெரிய நிறுவனங்கள் ‘ஸ்டர்–ஷேக்கன்’ என்ற முறைக்கு மாற வேண்டும் என்றார்கள். (ஜேம்ஸ் பாண்ட் கேட்கும் காக்டெயிலில் இருந்து பிடித்த பெயர். இன்ஜினீயர்களுக்கும் நகைச்சுவை உண்டு.) அழைப்பு எந்த நிறுவனத்தில் கிளம்புகிறதோ, அது டிஜிட்டல் கையெழுத்துப் போட வேண்டும். ‘இவர் என் வாடிக்கையாளர், இந்த நம்பர் இவருடையதுதான்’ என்றால் ஏ கிரேடு. ‘வாடிக்கையாளரைத் தெரியும், நம்பர் அவருடையதா தெரியாது’ என்றால் பி. ‘எங்கிருந்தோ வந்தது, கைமாற்றி விடுகிறேன்’ என்றால் சி. ஏ கிரேடு அழைப்புக்குச் சில ஃபோன்களில் டிக் குறி தெரியும். மொய்ப் பணத்தோடு, கொடுத்து அனுப்பியவர் கைப்பட ஒரு சீட்டும் வந்தாக வேண்டும் என்பது மாதிரி. ஆனால் பழைய நெட்வொர்க்கில் புகுந்து வரும் அழைப்பில் அந்தக் கையெழுத்து வழியிலேயே தொலைந்துவிடும்.

நம் ஊர் ஏற்பாட்டிலும் ஓட்டை இருக்கிறது. அதன் பெயர் சிம் பாக்ஸ். ஏதாவது ஒரு வாடகை வீட்டில், ஒரே பெட்டியில் டஜன் கணக்கில் சிம்களைப் போட்டு, இன்டர்நெட்டில் வரும் வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்பாக மாற்றி விடுவார்கள். தமிழ்நாட்டிலும் போலீஸ் இப்படிப் பெட்டிகளைப் பிடித்திருக்கிறது. இங்கே நம்பர் போலி இல்லை. அசல் சிம், அசல் நம்பர். அந்த சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவரும் அசல் மனிதர், ஏதோ ஐந்நூறு ரூபாய்க்கு ஆதார் கொடுத்தவராக இருக்கலாம், கொடுத்ததே தெரியாதவராகவும் இருக்கலாம்.

அப்போது சிஎன்ஏபி என்ன காட்டும்? அந்த அப்பாவியின் பெயரைக் காட்டும்.

பெயரால் எதற்கு லாபம்?

இங்கேதான் சிஎன்ஏபி பற்றிய பேச்சில் ஒரு குழப்பம் இருப்பதாக எனக்குப் படுகிறது. ‘இனி கூப்பிடுவது யார் என்று தெரிந்துவிடும்’ என்கிறார்கள். தெரியாது. எந்த ஆவணத்தில் அந்த சிம் வாங்கப்பட்டது என்பதுதான் தெரியும். நம் வீடுகளில் மனைவி சிம் கணவன் பெயரில், மகள் சிம் அப்பா பெயரில் இருப்பது சர்வ சாதாரணம். இறந்துபோன தாத்தா பெயரில் ஓடும் சிம்களும் உண்டு. தாத்தா கூப்பிடுகிறார் என்று எடுத்துக்கொள்ள முடியுமா?

ஆனால் இதையே தலைகீழாகப் பிடித்தால் பெரிய உபயோகம். ‘பேங்க்ல இருந்து பேசறோம்’ என்று ஒருவர் சொல்கிறார், ஸ்கிரீனில் யாரோ ஒரு தனி நபரின் பெயர் வருகிறது என்றால், இரண்டும் ஒட்டவில்லை. அங்கேயே நிறுத்திவிடலாம். நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் இணைப்புகளுக்கு, பதிவு செய்த வர்த்தகப் பெயரைக் காட்டிக்கொள்ள டிராய் பரிந்துரையில் இடம் இருக்கிறது. ஆக, பெயர் ஒட்டாதபோது அது பொய்யைப் பிடித்துக் கொடுக்கும். ஒட்டும்போது அது எதற்கும் சாட்சி இல்லை.

அதேபோல் ஒரு சோதனை 1600. வங்கி, இன்ஷூரன்ஸ் போன்ற நிதி நிறுவனங்கள் பரிவர்த்தனை, சேவை தொடர்பாக அழைக்க 1600-ல் தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. விளம்பர அழைப்புகளுக்கு 140. ரிசர்வ் வங்கி 2025 ஜனவரி 17 சுற்றறிக்கையில் வங்கிகளுக்கு இதைச் சொன்னது. வணிக வங்கிகள் 2026 ஜனவரி 1-க்குள் மாறியாக வேண்டும் என்று டிராய் கெடு வைத்தது. சித்திக்கு நான் சொன்ன முதல் விஷயம் இதுதான்: பத்து இலக்க மொபைல் நம்பரில் இருந்து வந்து பேங்க் என்று சொன்னால் பேசவே வேண்டாம். 1600-ல் வந்தாலும் ஓடிபி சொல்ல வேண்டாம். எந்த வங்கிக்கும் உங்கள் ஓடிபி தேவையில்லை.

சிஎன்ஏபியில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அது அதிகம் பேசப்படவில்லை. நீங்கள் அழைக்கும்போதும் உங்கள் பெயர் போகும். சென்னையில் வாடகைக்கு வீடு தேடுபவர், போர்டில் பார்த்த நம்பருக்கு ஃபோன் போடுகிறார். பேச ஆரம்பிக்கும் முன்பே அவர் பெயர் ஹவுஸ் ஓனர் ஸ்கிரீனில் இருக்கும். அந்தப் பெயரில் மதம் இருக்கும், சில பெயர்களில் அதற்கு மேலும் இருக்கும். ஆட்டோக்காரருக்கு, டெலிவரி பையனுக்கு, பழைய சோஃபா விற்கும் முன்பின் தெரியாதவருக்கு ஃபோன் செய்யும் பெண்ணின் முழுப் பெயரும் போகும். வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்ளச் சொன்ன வழி, வரும் அழைப்பில் பெயரைப் பார்ப்பவருக்குத்தான். 

ஒரு வேலையை இன்றைக்கே செய்யலாம். சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் மொபைல் நம்பரைக் கொடுத்தால், உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் ஓடுகின்றன என்று பட்டியல் வரும். நீங்கள் வாங்காதது இருந்தால் அங்கேயே புகார் கொடுக்கலாம். அதை விட்டுவைத்தால், நாளை ஒரு மோசடி அழைப்பில் வரும் பெயர் உங்களுடையதாக இருக்கும். அடுத்தவர் அடையாளத்தில், ஏமாற்றி சிம் வாங்குவது 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை, ரூ.50 லட்சம் வரை அபராதம் விதிக்கக்கூடிய குற்றம்.

நடுவில் யாராவது கேட்கிறார்களா?

சித்தி இதைக் கேட்கவில்லை. ஆனால் ஃபோன் பாதுகாப்பு என்றதும் நம்மில் பலருக்கும் முதலில் வரும் சந்தேகம் இது. கூப்பிடுவது யார் என்பது ஒரு கேள்வி. பேசுவதை வேறு யாராவது கேட்கிறார்களா என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதல் கேள்விக்காவது ஃபோன் அரைகுறையாக ஒரு பதில் காட்டுகிறது. இரண்டாவதற்குப் பெரும்பாலும் வாயே திறப்பதில்லை.

அன்று சித்தியின் ஃபோனில் மேல் மூலையில் 4ஜி என்று இருந்தது, கூட்டம் கூடியதும் எட்ஜைக் குறிக்கும் ‘ஈ’ ஆக மாறியது. நாம் எரிச்சல்பட்டு ஃபோனை ஆட்டிப் பார்ப்பதோடு விட்டுவிடுகிறோம். ஆனால் அந்த ஓர் எழுத்து ஒரு பாதுகாப்புத் தகவலும்கூட: ஃபோன் 2ஜிக்கு இறங்கிவிட்டது.

2ஜியில் உங்கள் குரல் ஃபோனில் இருந்து டவர் வரை ஒரு பூட்டோடு போகும். 1980களில் செய்த பூட்டு. அதை நடைமுறையில் உடைக்க முடியும் என்று கார்ஸ்டன் நோல் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 2009 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹேக்கர்கள் மாநாட்டில் விளக்கினார். அதைவிட மோசம், 2ஜியில் ஃபோன்தான் டவரிடம் தன்னை நிரூபிக்க வேண்டும். டவர் தன்னை ஃபோனிடம் நிரூபிக்க வேண்டியதில்லை. யாராவது ஒரு போலி டவரை வைத்தால், ஃபோன் அதை நம்பிவிடும். அந்த டவர் ‘பூட்டே வேண்டாம்’ என்றாலும் சரி என்று கேட்டுக்கொள்ளும். சினிமாக் கதை இல்லை இது. லண்டனில் போலி டவரைக் காரில் வைத்துச் சுற்றி, போகிற வழியெல்லாம் மோசடி மெசேஜ் அனுப்பிய மாணவர் ஒருவருக்கு 2025-ல் ஒரு வருடத்துக்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்தது. 3ஜியில் இருந்து டவரும் தன்னை நிரூபித்தாக வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், பூட்டு இல்லாமல் அழைப்பு போனால் பயனருக்குக் காட்ட வேண்டும் என்று 2ஜி தரவிதியிலேயே இருக்கிறது. சில பழைய ஃபோன்களில் திறந்த பூட்டுப் படம் ஒன்று வரும். ஆனால் அதே தரவிதி, சிம்முக்குள் ஒரு சின்ன அமைப்பு மூலம் அந்த எச்சரிக்கையை நிறுத்திவைக்க நிறுவனங்களுக்கு இடம் கொடுத்தது. வாடிக்கையாளர் பயந்து கஸ்டமர் கேருக்கு ஃபோன் போடுவாரே என்ற கவலையாக இருக்கலாம். எப்படியோ அந்தப் பூட்டுப் படம் நம் ஸ்கிரீனில் இருந்து காணாமல் போனது. ஆண்ட்ராய்டில் இந்தக் குறியீடு வேண்டும் என்று 2009-லேயே கோரிக்கை வைத்தார்கள். பூட்டில்லாத நெட்வொர்க்கில் இணைந்தால் எச்சரிக்கும் வசதி ஆண்ட்ராய்டு 16-ல், அதாவது 2025-ல் வந்தது. அதுவும் அதற்கேற்ற புதிய மோடம் உள்ள ஃபோன்களில்தான்.

இப்போது கையில் இருக்கும் ஃபோனில் என்ன செய்யலாம்? பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் செட்டிங்ஸில் நெட்வொர்க், அதற்குள் சிம், அதன் அடியில் ‘அலோ 2ஜி’ என்று ஒரு பட்டன் இருக்கும். நிறுத்திவிடலாம். அவசர அழைப்புக்கு மட்டும் 2ஜி தொடர்ந்து வேலை செய்யும். ஐஃபோனில் ‘லாக்டவுன் மோட்’ போட்டால் 2ஜி நின்றுவிடும். ஆனால் அதில் வேறு பல வசதிகளும் சேர்ந்து போய்விடும் என்பதால் எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். அதேபோல் இதே மாவட்டத்தில் ஜவ்வாது மலைப் பக்கம் ஊர் உள்ளவர்கள் 2ஜியை நிறுத்தும் முன் ஒரு தரம் யோசியுங்கள். சிக்னல் மெல்லிசான இடத்தில் 2ஜி மட்டும்தான் கிடைக்கிறது என்றால், பூட்டைவிட ஃபோன் அடிப்பது முக்கியம்.

4ஜி பூட்டு வலுவானது. ஆனால் அதுவும் டவர் வரைக்கும்தான். அதற்குப் பிறகு நிறுவனத்தின் கையில் உங்கள் குரல் திறந்துதான் இருக்கிறது. அரசு சட்டப்படி உத்தரவு போட்டால் கேட்க முடியும். அந்த உத்தரவுக்கும் எல்லை உண்டு: 2011-ல் ஒருவரின் ஃபோனை ஒட்டுக்கேட்க மத்திய உள்துறை போட்ட உத்தரவை, 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். பொது அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு என்ற இரண்டு காரணங்கள் தவிர ஒட்டுக்கேட்பது தனியுரிமையை மீறுவது என்பது தீர்ப்பு.

பூட்டு இருக்கிறது, ஆள் யார்?

‘அப்போ வாட்ஸ்அப்லயே பேசிடலாமே, அதுல பூட்டு போட்டிருக்கே’ என்று தோன்றும். உண்மைதான். 2016 ஏப்ரலில் இருந்து வாட்ஸ்அப் அழைப்புகள் ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை பூட்டியே போகின்றன. நடுவில் நிறுவனமே கேட்க முடியாது.

ஆனால் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ மோசடிக்காரர்களுக்குப் பிடித்த இடமும் அதுதான். காக்கிச் சட்டை, பின்னால் போலி ஸ்டேஷன் செட், புரொஃபைல் படத்தில் சிபிஐ சின்னம். வீடியோ காலில் மணிக்கணக்காக உட்கார வைத்து, வாழ்நாள் சேமிப்பை உருவுகிறார்கள். 2024 அக்டோபர் 27 அன்று பிரதமர் தன் வானொலி உரையில் எச்சரிக்கும் அளவுக்கும், 2025 டிசம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் விசாரணையை சிபிஐயிடம் கொடுக்கும் அளவுக்கும் இது போய்விட்டது. அந்த அழைப்புகளின் பூட்டு ஒன்றும் உடைந்திருக்கவில்லை. பத்திரமாகப் பூட்டிய அறைக்குள் திருடனோடு உட்கார்ந்திருக்கிறோம், அவ்வளவுதான். இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது.

பூட்டையும் ஆளையும் ஒன்றாகச் சோதிக்கும் வழிகள் இல்லாமல் இல்லை. டெலிகிராமில் அழைத்தால் மேலே நான்கு எமோஜி வரும். இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, நாலும் ஒன்றாக இருந்தால் நடுவில் ஆள் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு உரையாடலுக்கும் 60 இலக்கக் குறியீடு இருக்கிறது. நேரில் சந்திக்கும்போது க்யூஆர் கோடாக ஸ்கேன் செய்து ஒப்பிடலாம். உங்களில் யார் இதைச் செய்திருக்கிறீர்கள்? நானும் இந்தக் கட்டுரைக்காகத்தான் முதல்முறையாகச் செய்தேன்.

சித்தியிடம் அறுபது இலக்கம் பேச முடியாது. அவருக்கு இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, சந்தேகம் வந்தால் கட் பண்ணிவிட்டு நீங்களே திரும்ப அடியுங்கள், அவர்கள் கொடுக்கும் நம்பருக்கு இல்லை, பாஸ்புக்கிலோ ஏடிஎம் கார்டின் பின்புறமோ இருக்கும் நம்பருக்கு. வரும் அழைப்பில் நம்பரைப் பொய்யாக எழுதலாம். நீங்கள் அடிக்கும்போது அழைப்பு அந்த நம்பரின் உண்மையான சொந்தக்காரருக்குத்தான் போகும். (*401# என்று ஆரம்பித்து ஏதாவது டயல் செய்யச் சொன்னால் மட்டும் செய்யவே கூடாது. அது உங்கள் அழைப்புகளை வேறு நம்பருக்குத் திருப்பிவிடும் கோடு. இந்த மோசடியால்தான் 2024 ஏப்ரல் 15 முதல் இப்படிக் கோடு போட்டுத் திருப்பும் வசதியையே நிறுத்தச் சொன்னார்கள்.)

இரண்டு, வீட்டுக்குள் ஒரு ரகசிய வார்த்தை. குரலை அப்படியே போலி செய்யும் கருவிகள் வந்துவிட்டதால், மகன் குரலில் ‘அம்மா, ஆக்ஸிடென்ட், அவசரமா காசு வேணும்’ என்று அழைப்பு வரலாம். அப்போது கேட்க வேண்டிய வார்த்தை. சித்தி அரை நிமிஷம் யோசித்து ஒன்றைச் சொன்னார். அதை இங்கே எழுத முடியாது. மகனுக்கு அப்போதே ஃபோன் செய்து சொல்லியும் விட்டார்.

பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் அடுத்த அக்கவுண்டுக்குத் தாவுவதற்குள் முடக்க அவ்வளவு வாய்ப்பு. பணம் போகவில்லை, அழைப்பு மட்டும் வந்தது என்றால் சஞ்சார் சாத்தியில் ‘சக்ஷு’ பகுதியில் நம்பரைப் பதியலாம். ஆறு இலக்க ஓடிபி கேட்ட அந்த நம்பரை அன்றிரவே பதிந்துவிட்டேன், டேட்டா திரும்ப வந்த பிறகு.

பதினோரு மணிக்குக் கூட்டம் இன்னும் போய்க்கொண்டிருந்தது. சித்தியின் ஃபோன் மறுபடி அடித்தது. மகன் பெயர், மகன் போட்டோ. எடுத்து, “வார்த்தையச் சொல்லு” என்றார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “மறந்துட்டேம்மா.”

சித்தி கட் பண்ணிவிட்டு, தானே அவன் நம்பருக்கு அடித்தார்.